பாலத்தின் மேல் ஒரு ஸ்கூட்டர்

வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இந்த நாட்டில் அணை, பாலம், துறைமுகம் என்று கட்டித் தள்ளிய கம்பெனி எங்களுடையது. எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பெருமையையெல்லாம் படத்தோடு புத்தகமாகப் போட முடிவு செய்தார்கள். ஜவ்வாது மலையில் ஒரு காட்டாற்றின் மேல் நாங்கள் கட்டிய சின்னப் பாலமும் அதில் வர வேண்டுமாம். வண்டி போவது போலப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதைக் கட்டிய எஞ்சினியரான எனக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

எரிச்சலாக வந்தது. அந்தப் பாலத்துக்குச் சாலையே கிடையாது. பாலம் மட்டும்தான் எங்கள் வேலை. காட்டுக்குள் சாலை போட யாருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. வருடக்கணக்கில் பாலம் மட்டும் அநாதையாக நின்றுகொண்டிருந்தது.

அதைவிட உறுத்தல், அக்கரையில் இருந்த ஒரு விவசாயி. சாலை வளைந்து ஏற இடம் வேண்டும் என்று, காய்த்துக்கொண்டிருந்த அவருடைய மூன்று புளியமரங்களை வெட்ட வைத்தவன் நான். "ரோடு வந்துட்டா லாரி உங்க வூட்டு வாசல்லயே வந்து நிக்கும்" என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தேன். மனிதர் நம்பினார். மிச்ச மரங்களின் புளியை இன்னமும் தலையில் சுமந்துதான் கீழே இறக்கினார்.

தார்ச்சாலை முடிகிற இடம் வரை என் ஸ்கூட்டரை ஓட்டிப் போனேன். அங்கிருந்து மூங்கிலில் கட்டி ஆறு பேர் தூக்கினார்கள். முன்னால் தோள் கொடுத்தவர் அந்த விவசாயிதான்.

"இன்னா சார், ரோட்டுக்கு முன்னாடி வண்டி வந்துடுச்சே!" என்று மூச்சு வாங்கச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கி வந்தவர்களைப் படத்தில் விழாமல் போட்டோக்காரர் தள்ளி நிற்கச் சொன்னார். நான் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து இளித்தேன். புத்தகத்தில் அது முழுப் பக்கம் வந்தது. அரசு அலுவலகங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிரதி அனுப்பினார்கள்.

மறு வருடம் மனசு கேட்காமல், அந்த விவசாயியையும் அழைத்துக்கொண்டு, சாலை கேட்டு மனு கொடுக்க அரசு அலுவலகத்துக்குப் போனேன். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். மனுவைப் படித்த அதிகாரி, அலமாரியிலிருந்து எங்கள் கம்பெனிப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை என் முன்னால் தள்ளினார்.

"வண்டிதான் போகுதே சார். ரோடே இல்லாத ஊருங்க எவ்ளோ இருக்கு, அதைப் பாக்க வேணாமா?"

வண்டியில் இருப்பது நான்தான் என்று அவர் கவனிக்கவில்லை. தூக்கிக்கொண்டு போன கதையைச் சொன்னால் என் வேலை போய்விடும். எழுந்து வெளியே வந்தேன்.

"இன்னா சார் சொன்னாரு?" என்றபடி எழுந்தார் அவர்.

"பாக்கறேன்னாரு" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அதிகாரியின் அறையைப் பார்த்துக் கும்பிட்டார்.