கஞ்சி போட்ட ஜாக்கெட்

என்னிடம் வாள்வீச்சு கற்றுக்கொண்ட பிள்ளைகள் தேசியப் பதக்கம் வாங்கியிருக்கிறார்கள். நான் வாங்கியதில்லை. ஊரில் யார் மறந்தாலும் இதை அம்மா மறக்கமாட்டாள். தங்கச்சிமடத்தில் எவராவது என்னை கோச் என்று பெருமையாகச் சொல்லிவிட்டால் போதும், இவள் ஒருதடவையாவது ஜெயித்திருக்கிறாளா என்று அங்கேயே போட்டு உடைப்பாள்.

நான் ஆடியது வாள்வீச்சில் சேபர் என்னும் பிரிவு. அதற்குப் போடும் ஜாக்கெட் உலோக இழை சேர்த்து நெய்தது. எதிராளியின் கத்தி பட்டால் அதில் மின்சாரம் ஓடி விளக்கு எரியும். எரிந்தால்தான் புள்ளி. அதனால் ஆட்டத்துக்கு முன் ஜாக்கெட்டைச் சோதிப்பார்கள். தேறவில்லை என்றால் களத்தில் இறங்க முடியாது.

மாநில இறுதிப்போட்டி அது. ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும், அய்யா கடலுக்குப் போவதை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடந்தது. அம்மா கட்டிவைத்த பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சோதனை மேசையில் கருவியை எங்கே வைத்தாலும் விளக்கு எரியவில்லை. ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். மொடமொடவென்று இருந்தது. மோந்தால் சோற்றுக்கஞ்சி வாடை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உடுத்தும் துணிக்குப் போடுவதுபோல அதற்கும் கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டு வைத்திருந்தாள் மகராசி. குழாயடிக்கு ஓடினேன். தேய்க்கத் தேய்க்கக் கொழகொழத்ததே தவிர விட்டபாடில்லை. கெஞ்சியும் மாற்று ஜாக்கெட் யாரும் தரவில்லை. என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆடாமலே தோற்றேன்.

வீட்டுக்கு வந்து, தோற்றுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். ஆசையாகச் செய்தவளிடம் வேறென்ன சொல்வது? அய்யா வழக்கம்போல கடலுக்குப் போனார். நான் வயிற்றெரிச்சலை விழுங்கிக்கொண்டு பயிற்சியாளர் படிப்பை முடித்தேன். ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, முகூர்த்தம் இல்லாத நாட்களில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். பிள்ளைகளின் ஜாக்கெட்டுகளை நானே அலசி நானே காயப்போடுவேன், வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டேன். சந்தேகப் பிராணி என்று தாய்மார்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

போன மாதம் என்னிடம் பயிலும் மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி இந்திய அணிக்குத் தேர்வானாள். விடைபெற வந்தவள், எங்கள் வீட்டில் பையை வைத்துவிட்டு மாதா கோயிலுக்குப் போனாள். அம்மா சும்மா இருப்பாளா? பையைத் திறந்து ஜாக்கெட்டை எடுத்துவிட்டாள்.

"என்னடி இப்பிடிக் கசங்கிக் கெடக்கு? நாலு பேரு முன்னாடி நிக்கப்போற பிள்ள. கஞ்சி போட்டுத் தாரேன். ஒனக்கும் அன்னைக்கு நாந்தான் போட்டுவிட்டேன், நீதான் ஜெயிக்கல."

இத்தனை வருஷம் அடக்கியது வாய்க்கு வந்துவிட்டது. ஜாக்கெட்டை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

"அந்தக் கஞ்சியாலதாம்மா கரண்டு ஓடல. என்னைய ஆடவே விடல."

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சொல்லிவிட்டால் நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தேன். ஒரு மண்ணும் குளிரவில்லை. பாவி நான், அவள் காலம்வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு கசங்கிய சேலையோடு பூசைக்குக் கிளம்பினாள். கஞ்சி போடவில்லையா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, இனிமேல் போடுவதில்லை என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள்.