அண்ணன் வண்டியும் சிவப்புத் துணியும்

அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் வணக்கம்.

எனக்கு எழுத்து அதிகம் வராது. ஆறாவதோடு நின்றவன். அண்ணன் மகள் பிழை பார்த்துத் தந்தாள். சொன்னதெல்லாம் நான்.

அண்ணன் இறந்ததைப் பற்றி நம் சொந்தத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. வண்டியில் கடைசியாகக் கை வைத்த ஜெபராஜ்தான் அதற்குக் காரணம் என்று. அது தப்பு. அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன். அதற்கு முன் அண்ணன் எப்படி வாழ்ந்தார் என்று சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது குண்டடம் பக்கம் எங்கள் தோட்டத்தில். மானாவாரி பூமி. அப்பா தண்ணீருக்காக மூன்று தடவை போர்வெல் போட்டார். மூன்றிலும் மண்புகைதான் வந்தது. அதற்குப் பிறகு அப்பா அதிகம் பேசவில்லை. அண்ணனுக்குப் பதினாறு வயதாகும்போது அப்பா தவறினார். அண்ணன் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அருள்புரம் வந்தார். பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டினார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பார்த்தார். நான் போகவில்லை. வளர்ந்ததும் ஒரு பனியன் கம்பெனி கட்டிங் செக்ஷனில் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான்.

அண்ணன் பின்னால் சொந்தமாக நாலு மெஷின் போட்டார். கல்யாணம் ஆனது. ஒரு மகள். அம்மா இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தார். தினமும் தூக்கி உட்கார வைத்தது அண்ணன்தான். அம்மா சில நாள் திட்டுவார். அண்ணன் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நான் சுளித்திருக்கிறேன்.

வண்டி பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு பழைய டீசல் கார். யாரோ இரண்டு கை மாற்றி ஓட்டியது. அண்ணன் வாங்கும்போதே பாதி உயிர். அதில் ஏறாத சொந்தம் இல்லை. பிரசவத்துக்குப் போனது, எழவுக்குப் போனது, சீர் வரிசை ஏற்றிக்கொண்டு போனது. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அதை ஒரு தடவையாவது தள்ளியிருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனின் நிட்டிங் ஷெட் முன்னால் வண்டியின் பானெட் திறந்திருக்கும். நாலு பேர் இருப்போம். அண்ணன், நான், பல்லடத்தில் கோழி வேன் ஓட்டும் குப்புசாமி மாமா, ஜெபராஜ். ஜெபராஜ் திருநெல்வேலி பக்கத்துக்காரர். நிட்டிங் மெஷின் மெக்கானிக். அண்ணனின் மெஷின் ரிப்பேருக்கு வந்தவர், அப்படியே வண்டியிலும் கை வைத்தார். நாங்கள் யாரும் வண்டியைப் பட்டறைக்கு விட்டதில்லை. நாங்களே கழற்றுவோம், நாங்களே மாட்டுவோம். வேலையை விடப் பேச்சுதான் அதிகம்.

வண்டியில் நாலு கதவில் இரண்டுதான் ஒழுங்காகச் சாத்தும். ஜெபராஜ் ஒரு தடவை, "அண்ணாச்சி, போன மாசம் ஒரு கதவு சாத்துச்சு, இந்த மாசம் ரெண்டு. நல்ல வளர்ச்சிதான்" என்றார்.

அண்ணன், "மூணாவது கதவு உங்க பொறுப்புங்க ஜெபராஜு. அது என்னிக்குச் சாத்துதோ அன்னிக்கு உங்களுக்குப் பொண்ணு பாக்கக் கெளம்பறோம்" என்றார்.

"அப்ப நான் சாமியாராப் போறதுதான் நல்லது."

அந்த வண்டியிலேயே பெண் பார்க்கப் போனால் பெண் வீட்டார் தள்ளிவிட வருவார்கள், அப்போதே சம்பந்தம் பேசிக்கொள்ளலாம் என்று மாமா சொன்னார். அண்ணன் பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் சிரித்து நான் பார்த்தது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். வீட்டில் அவ்வளவு சிரிக்க மாட்டார்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அதை விவரமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் கை துடைக்கப் பனியன் வேஸ்ட் துணிதான். மூட்டையாகக் கிடக்கும். இன்ஜினில் எதையாவது கழற்றினால், தூசி உள்ளே விழாமல் இருக்க அந்தத் துணியையே ஓட்டையில் அடைத்து வைப்போம். மாமாவின் வேனில் ஒரு தடவை வெள்ளைத் துணி உள்ளே தங்கிவிட்டது. இன்ஜின் மூச்சு விட முடியாமல் நின்றது. அன்றைக்கு அண்ணன் ஒரு முறை வைத்தார். ஓட்டையில் அடைக்கச் சிவப்புத் துணி மட்டும்தான். ஒரு சாண் நீளம் வெளியே தொங்க வேண்டும். அடைத்தவன்தான் எடுக்க வேண்டும். மாட்டுகிறவன் கேட்டுவிட்டுத்தான் மாட்ட வேண்டும். சிவப்புத் துணிக்கென்று சுவரில் ஒரு பை தொங்கியது. அதை நிரப்புவது என் வேலை. கட்டிங்கில் வேஸ்ட் எனக்குத்தான் கிடைக்கும்.

அண்ணன் இருந்த கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வாரம் பை காலி. கொண்டு வரச் சொல்லி அண்ணன் இரண்டு தடவை சொன்னார். எங்கள் கம்பெனியில் அப்போது நேவி புளூ ஆர்டர் ஓடியது. சிவப்பு இல்லை. வேறு செக்ஷனில் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

அன்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் மேல் ரப்பர் ஓஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் வால்வை மாற்றினோம். ஓஸ் மாட்டுகிற வாய் வால்வின் மேல் மூடியில் இருக்கிறது. அதை நான் அடைத்தேன். கையில் இருந்தது நேவி புளூ காலர் துணி. உள்ளே இருட்டு, துணியும் இருட்டு. சாண் நீளம் விடவும் துணி போதவில்லை. இப்போதைக்குத்தானே என்று அடைத்தேன்.

டீ வந்தது. மாமா ஒரு கதை சொன்னார். வேனில் ஒரு சேவல் கூண்டை விட்டுத் தப்பி முன் சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. பல்லடத்தில் போலீஸ்காரர் நிறுத்தி, சீட் பெல்ட் எங்கே என்று சேவலைக் காட்டிக் கேட்டார். "அது எறங்கற எடம் வந்துருச்சுங்க" என்று மாமா பதில் சொன்னாராம். நான் சிரித்ததில் டீ சட்டையில் கொட்டியது.

அந்த நேரம் ஜெபராஜ் புது வால்வை வைத்து முடித்து, மேல் மூடியைத் திருகிப் பூட்டி, ஓஸைக் கையில் எடுத்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, எல்லாம் வெளிய வந்துட்டா?"

வால்வு மாற்றும்போது நான்தான் அந்த மூடியைக் கையில் வைத்திருந்தேன். துணி அந்த மூடியின் வாய்க்குள் இருந்தது. நான் பார்க்கவில்லை. சிரிப்பு நிற்காமலே, "வந்துருச்சுங்க, மாட்டுங்க" என்றேன்.

ஜெபராஜ் வழக்கமாக விரல் விட்டுப் பார்ப்பார். அன்றும் கையைக் கொண்டு போனார். அண்ணன், "தம்பி சொல்லிட்டானுங்கல்ல, மாட்டுங்க" என்றார். ஜெபராஜ் மாட்டினார்.

திங்களும் செவ்வாயும் அண்ணன் பக்கத்து இடங்களுக்குத்தான் ஓட்டினார். ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமை தோட்டத்தைப் பார்க்கக் குண்டடம் கிளம்பினார். பல்லடம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி கொதித்துவிட்டது. ஓரம் கட்டி ஜெபராஜுக்குப் போன் போட்டார். ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம், தள்ளி நில்லுங்கள், வருகிறேன் என்று ஜெபராஜ் சொல்லியிருக்கிறார். அண்ணன் மூடியைத் திறக்கவில்லை. பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு வண்டி முன்னால் நின்றார். பின்னால் வந்த லாரி வண்டியை இடித்தது. வண்டி அண்ணனைத் தள்ளிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் நின்றது.

ஜெபராஜ் பைக்கில் வந்து சேர்ந்தபோது ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்களாம். வண்டியைப் பின்னுக்குத் தள்ளி அண்ணனை எடுத்தது அவர்தான். ஆம்புலன்ஸில் கையைப் பிடித்துக்கொண்டு போனதும் அவர்தான்.

அண்ணன் இரண்டு நாள் இருந்தார். பேச்சு ஒரு தடவைதான் வந்தது. அண்ணியிடம், "வண்டிய யாரும் திட்டாதீங்க" என்றார். வெள்ளிக்கிழமை மதியம் உயிர் பிரிந்தது.

மயானத்தில் ஜெபராஜும் நின்றார். அதற்குள் பேச்சு பரவியிருந்தது. பெரியப்பா அவரைத் தனியாகக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். "தப்பா நெனைச்சுக்காதீங்க. இனிமே இந்தப் பக்கம் நீங்க வராம இருந்தா நல்லா இருக்குமுங்க" என்றார். ஜெபராஜ் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். கருமாதிக்கு வரவில்லை. சொந்தக்காரர் கம்பெனிகள் இரண்டில் அவரை மெஷின் வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பிறகு மற்றவர்களும் கூப்பிடவில்லை. அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்.

பெரியப்பா மேல் தப்பில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. துணியை நான் எடுத்தேனா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

வண்டியைப் போலீஸ் விட்டதும் ஷெட்டில் கொண்டு வந்து போட்டோம். ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மட்டும் போனேன். மேல் ஓஸைக் கழற்றினேன். துணி நகர்ந்து வந்து ஓஸ் கழுத்தில் இறுகி இருந்தது. இடுக்கி போட்டு இழுத்தேன். நேவி புளூ காலர் துணி. எங்கள் கம்பெனித் துணி. அதை வேறு யாரும் கொண்டு வந்திருக்க முடியாது.

துணியைக் காய வைத்து எடுத்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பத்து மாதம். வேலைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். ஜெபராஜ் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போவேன். அண்ணனை நினைத்துப் போகிறான் என்று எல்லோரும் நினைத்தீர்கள்.

இந்த மலர் போடலாம் என்று முடிவானதும், நன்றி சொல்ல வேண்டியவர்கள் பட்டியலை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஜெபராஜ் பெயர் மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். உட்கார்ந்தேன். அண்ணனை ரோட்டிலிருந்து தூக்கியவர் என்று முதல் வரி எழுத வேண்டும். பெயர் இல்லாமல் அதை எழுத முடியவில்லை. அன்று சாயந்திரம் துணியை எடுத்துப்போய் அண்ணி முன்னால் வைத்தேன். எல்லாம் சொன்னேன்.

அண்ணி துணியைத் தொடவில்லை. போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பிறகு, "எங்கிட்டச் சொல்லி ஆகறது ஒண்ணுமில்ல தம்பி. அவரப் பேசுனவங்க எல்லாரும் படிக்கற மாதிரி மலர்ல எழுதுங்க" என்றார். எழுந்து உள்ளே போனார். அன்றிலிருந்து என்னிடம் அதிகம் பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் போடுகிறார். அது நியாயம்தான்.

ஜெபராஜ் பல்லடம் பக்கம் ஒரு தறிக் குடோனில் வேலை பார்ப்பதாக மாமா விசாரித்துச் சொன்னார். போனேன். ஒரு தறிக்குக் கீழே படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்தில் கத்த முடியாமல் வெளியே வரச் சொன்னேன். துணியைக் கையில் கொடுத்தேன்.

பார்த்தார். "தெரியும் தம்பி" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"அன்னிக்கு ரோட்டுலயே. ஓஸைத் தொட்டேன், கல்லு மாதிரி இருந்துச்சு. உள்ள அடைப்புன்னு தெரிஞ்சு போச்சு. அடைச்சது நீங்க, கேட்டது நான். வேற யாரு."

ஏன் சொல்லவில்லை என்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் ஊரை விட்டுப் போயிருக்க வேண்டாமே.

கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒரு வீட்டுல ஒரு சாவு போதும்னு இருந்துட்டேன். நீங்க எங்க போயி விழுவியளோன்னு பயம். அண்ணாச்சிக்கு நீங்கன்னா உசுரு" என்றார். பிறகு துணியை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். தறி காத்திருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது.

இந்தப் பகுதியைத் திருத்தும்போது அண்ணன் மகள் பிழையை மட்டும் பார்த்தாள். ஒரு வார்த்தையையும் எடுக்கவில்லை.

ஜெபராஜைப் பற்றி யார் என்ன பேசியிருந்தாலும் அதை என்னிடம் பேசுங்கள். நான் அருள்புரத்தில்தான் இருக்கிறேன். அவரை வேலைக்குக் கூப்பிடாமல் விட்டவர்கள் கூப்பிடுங்கள். கை சுத்தமான வேலைக்காரர்.

அண்ணனுக்காக அன்று ரோட்டில் வண்டியைப் பின்னுக்குத் தள்ளக் கை கொடுத்த முகம் தெரியாத இரண்டு பேருக்கும், ஆம்புலன்ஸ் ஓட்டியவருக்கும், ரத்தம் கொடுக்க ஷிப்டை விட்டுவிட்டு வந்த நிட்டிங் ஆட்களுக்கும், அதில் பாஷை தெரியாமலே வந்து வரிசையில் நின்ற வடநாட்டுத் தம்பிகள் நாலு பேருக்கும், மூன்று நாள் வீட்டில் அடுப்பு எரியாதபோது சோறு கொண்டு வந்த பக்கத்து வீட்டாருக்கும், இன்றும் வாரா வாரம் ஷெட்டைத் திறந்து பெருக்கிவிட்டுப் போகும் குப்புசாமி மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஜெபராஜ் அவர்களுக்கு நன்றி என்று எழுதினால் போதாது. அவருக்கு இந்த மலரை நானே கொண்டு போய்க் கொடுப்பேன். வருஷ நாளில் பந்தியில் பெரியப்பா பக்கத்து இலை அவருக்கு. கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓஸைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னிடம் ஒன்று கேட்டார். நான் திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னேன். அண்ணன் அதை நம்பினார். பதிலை இப்போது மாற்றிச் சொல்கிறேன்.

வரலீங்க ஜெபராஜ். உள்ளேதான் இருந்துச்சு.

— தம்பி