செருப்புத் தடத்தின் மேல்

இன்று தாப்பா பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு கிரிக் பக்கம் புலிக்காட்டுக்குப் போவதாகச் சொன்னாள்.

"நீங்க போயிருக்கீங்களா ஆண்டி?"

போயிருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கம், கல்யாணமான புதிது. என் கணவரின் நண்பர் மணியம் அண்ணன் அங்கே வனக்காவலர். அவர்தான் எங்களை ஆற்றோரம்வரை கூட்டிப் போனார். கொண்டுபோன நாசி லெமாக்கைச் சாப்பிட்டுவிட்டு, வந்த ஒற்றையடிப் பாதையிலேயே திரும்பினோம்.

பாதி வழியில் அண்ணன் நின்றுவிட்டார்.

ஈர மண்ணில், போகும்போது நான் பதித்த செருப்புத் தடம். அதன்மேல் புலியின் தடம், என் கை அகலத்துக்கு. அதில் இன்னும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறது.

"யாரும் ஓடாதீங்க. சத்தமா பேசிக்கிட்டே நடங்க," என்றார்.

என் கணவர் லோரி டயரைப் பற்றிப் பேசினார். ஒரு பறவைகூடக் கத்தவில்லை. பக்கத்து மூங்கில் புதருக்குள், நாங்கள் நடந்தால் சருகு நொறுங்கியது. நின்றால் அதுவும் நின்றது. பாதை முனையில் நிறுத்தியிருந்த அண்ணனின் ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்தும்வரை அப்படித்தான்.

கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: "அப்போ புலியப் பாக்கவே இல்லையா? ரூகி லா ஆண்டி, நஷ்டம்தான், அவ்ளோ தூரம் போயும்."

உங்களில் யாராவது அங்கே போய்ப் புலியைப் பார்க்காமல் திரும்பியிருந்தால் கீழே எழுதுங்கள். நான் வாழ்த்துச் சொல்கிறேன்.