ஒரு மணி அடித்தால் நில்

தங்கச் சுரங்கத்தின் பாலகாட் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வலது விலாவில் முதல் குத்து விழுந்தது. சுளுக்கு என்று நினைத்து இன்னும் இரண்டு சுற்று ஓடினேன். அப்படி ஒரு திமிர் எனக்கு. சென்னைக் கல்லூரியில் கிரிக்கெட், ஹாக்கி, ஓட்டப்பந்தயம், கால்பந்து நான்கிலும் ஆடியவன். தங்கச் சுரங்க ஆபீசில் ரைட்டராக வந்தபின், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கால்பந்து பழக்கிவந்தேன்.

பத்தாம் நாள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரி. ப்ளூரிசி (நுரையீரலைப் போர்த்திய சவ்வில் அழற்சி) என்றார் டாக்டர். விலாவுக்கிடையில் ஊசி செலுத்தி நீரை எடுத்தார்கள். ஊசி வலித்தது; சிரித்தால் அதைவிட வலித்தது.

“இனிமே ஓடக் கூடாது. கத்தவும் கூடாது.”

“அப்புறம் எப்படி டாக்டர் ஆட்டம் பழக்கறது?”

“மொதல்ல உயிரோட இருங்க.”

இரண்டு மாதம் படுக்கை. இதே நோயில் கிடப்பவர்களுக்குச் சொல்கிறேன்: நாம் இல்லாமலே எல்லாம் நடக்கும் என்ற நினைப்பு காய்ச்சலைவிட மோசம். கத்த முடியாதவனை எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள்? அழுதேன். அதற்கும் விலா வலித்தது.

வழி சொன்னவள் என் மனைவி எஸ்தர்.

“கத்த முடியலன்னா மணி அடிங்க. அவங்க கேஜ் மணிக்குப் பழகுனவங்கதானே?”

கேஜ் என்பது ஷாஃப்ட் என்ற ஆழ்குழி வழியாக ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டு. ஒரு மணி அடித்தால் அது நிற்கும். அதையே மைதானத்துக்குக் கொண்டுவந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி அடித்தால் எல்லோரும் நிற்க வேண்டும். மூன்று அடித்தால் முன்னேற வேண்டும். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்து வந்தது போட்டி ஆட்டம்; அதில் வெளியிலிருந்து மணி அடிக்கக் கூடாது என்பதால் என் மணியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். முடியச் சற்று நேரமே இருந்தது. இரு பக்கமும் சமம். அப்போது பக்கத்து ஷாஃப்டில் கேஜுக்கு ஒரு மணி அடித்தது. எங்கள் பதினொரு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். எதிரணி சாவகாசமாகப் பந்தைக் கோலுக்குள் தட்டியது.

ஆட்டம் முடிந்ததும் கோல்கீப்பர் கோவிந்தன் ஓடிவந்தான்.

“இன்னா ரைட்டரய்யா, நீங்கதானே மணி அடிச்சீங்க?”

“நான் இல்லப்பா, ஷாஃப்ட்!”

அவன் முழித்த முழியில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பழக்கத்தில் விலாவை அழுத்திப் பிடித்தேன். வலிக்கவில்லை. இன்னும் சிரித்தேன்.

“தோத்துட்டோம், சிரிக்கிறீங்களே!”

“வலிக்கல, கோவிந்தா.”

அவன் பந்தைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். “அப்போ நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சு வர்றோம். நீங்க மணிய விட்டுட்டு விசில் எடுத்துட்டு வாங்க.”

இன்றும் நான் ஓடுவதில்லை. மைதானத்துக்குப் போகும் வழியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறேன். முன்பு எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பேன். இப்போது தினமும் தாமதம்தான். அவர்கள் எனக்காகக் காத்திருக்கிறார்கள்.