பிஷப்புகளுக்குத் திருநீறு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ரொறன்ரோ நகர மையத்தில், பழைய நாணயங்கள் விற்கும் கடையொன்றில் வேலை செய்தேன். கூட்டித் துடைப்பது, பெட்டி கட்டுவது, தபாலில் போடுவது. முதலாளி ஒரு ஜேர்மன்காரக் கிழவர். அதிகம் பேசமாட்டார்.

என் மனைவி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். இரண்டு வருடம். பொலிஸ் வந்து கதவைத் தட்டும் ஒவ்வொரு முறையும் கொழும்பில் தங்கப் பொலிஸில் பதிந்த துண்டை நீட்டிக்கொண்டு நிற்பாள். அவளை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு எடுப்பதற்கு, எனக்கு நிரந்தர வேலை இருக்கிறதென்று முதலாளியின் கடிதம் வேண்டும். திங்கட்கிழமை தருவதாகச் சொன்னார். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவர் வெளியே போயிருந்தார். மேசையில் ஒரு தட்டில் பதினொரு வெள்ளிக்காசுகள். ஜேர்மனியில் பிஷப்மாரே அரசர்களாகவும் இருந்த காலத்தில் அவர்கள் அடித்தவை என்று முன்பொருநாள் காட்டியிருந்தார். நகத்தளவுதான். ஒவ்வொன்றிலும் வளைந்த கோலோடு ஒரு பிஷப். எல்லாம் கரிச்சட்டிபோலக் கறுத்துக் கிடந்தன. சீ, வெள்ளியை இப்படியா வைத்திருப்பது? எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முன் குங்குமச்சிமிழைத் திருநீறு போட்டுத் தேய்ப்போம், பளிச்சென்று வந்துவிடும். என் பேர்ஸில் கோயில் திருநீறு ஒரு பொட்டலம் இருந்தது. கடிதம் தரப்போகிறவருக்கு இதுகூடச் செய்யாவிட்டால் நான் என்ன மனிசன்? பதினொரு பிஷப்புகளுக்கும் திருநீறு பூசி, ஈரத்துணியால் விரல் நோகத் தேய்த்தேன்.

திரும்பி வந்த கிழவர் தட்டைப் பார்த்தபடி கதிரையில் இருந்துவிட்டார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன், மடையன். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கறுப்பு அறுநூறு வருடமாகப் படிந்தது, தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் தொடவும் மாட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னார். காசுகள் அவருடையவையும் அல்ல. ஒரு விதவை, விற்றுத் தரச்சொல்லி நம்பிக் கொடுத்தவை. நான் தெரியாமல் செய்தது அவருக்கு விளங்குகிறதாம், ஆனால் இனி என்னை வைத்திருக்க முடியாதாம்.

ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் என்னோடு அறையில் இருந்த அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். "உமக்கு ஆர் ஐசே உதைச் செய்யச் சொன்னது? கையை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதே?"

திங்கட்கிழமை, கடையில் விட்டிருந்த என் சப்பாத்தை எடுக்கப் போனேன். கிழவர் ஒரு கடித உறையைத் தந்தார். நேர்மையானவன், கடும் உழைப்பாளி, ஒருநாளும் பிந்தி வராதவன் என்றெல்லாம் எழுதியிருந்தார். கடைசி வரியில், சென்ற வெள்ளிக்கிழமையோடு இவன் இங்கே வேலையில் இல்லை என்றும் எழுதியிருந்தார். பொய் எழுத அவருக்கு வராது. அந்த வரியோடு அதை எந்த அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது?

மறுநாள் காலை கொழும்புக்குப் போன் எடுத்தேன். லொட்ஜ்காரர் கூப்பிட, மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"கடிதம் தந்திட்டாரே?"

"ஓம், தந்திட்டார்."



"அப்பாடா, முருகா! லைனிலை நில்லுங்கோ, பக்கத்து அறை அக்காவுக்குச் சொல்லிப்போட்டு ஓடிவாறன்."

நான் ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். அங்கே பெண்கள் சிரிப்பது கேட்டது.