நீலமேகம் ஊற்றிய தண்ணீர்

நீலமேகத்துக்கு வாய் என்று ஒன்று இருப்பதே சோறு தின்னும்போதுதான் தெரியும் என்பாள் அவன் பெண்டாட்டி கலைவாணி. பழவேற்காட்டு ஏரியோரக் கோட்டைக்குப்பத்தில் இதை மறுக்க ஆள் கிடையாது. நாற்பத்தாறு வயதுக்கு ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. கடலில் வலை கிழிந்தாலும் 'ம்', ஏரியில் இறால் கூடை கூடையாய் விழுந்தாலும் 'ம்'. குடி கிடையாது, சீட்டு கிடையாது. நல்ல மனுசன், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தப்பு செய்துவிட்டு 'நான்தான்' என்று வாயைத் திறந்து சொல்கிற வழக்கம் மட்டும் அவனிடம் இல்லவே இல்லை. பொய் சொல்ல மாட்டான். பேசாமல் நிற்பான், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு நிலைக்கண்ணாடியைத் தோளால் இடித்து உடைத்துவிட்டு அப்படித்தான் நின்றான். பழி பூனைமேல் போயிற்று. துடைப்பக்கட்டையால் பூனையை அடித்து விரட்டியதைப் பார்த்துக்கொண்டே காபியைக் குடித்து முடித்தான்.

பூனை அடி வாங்கியது, போகட்டும். ஒரு மனுசன் வாங்கியதைத்தான் சொல்ல வந்தேன்.

கலைவாணி இவனுக்கு நேர் எதிர். மகளிர் குழுவில் யாருக்கு என்ன சண்டை என்றாலும் முதல் குரல் அவளுடையதுதான். மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு இங்க் பிரின்டர் வாங்கி வீட்டிலேயே போட்டோ போட ஆரம்பித்தாள். பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று குப்பத்தில் பாதி வீட்டுச் சுவரில் சிரிப்பது அவள் போட்டுக்கொடுத்த படம்தான். உப்புக்காற்றில் நமத்துப்போகும் என்று போட்டோ பேப்பரை அரிசி டப்பாவுக்குள் வைத்திருப்பாள். இங்க் மட்டும் மீஞ்சூரில் ஒரு கடையில். அங்கே வேலை பார்த்த பிரபாகரன் பெரிய கேனிலிருந்து நாலு கலரையும் சின்னச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார். ஐம்பது வயதுக்காரர், பொறுமைசாலி. மெஷின் மக்கர் செய்தால் போனிலேயே வழி சொல்வார்.

வைகாசியில் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாளின் மகள் வெண்ணிலாவுக்குச் சுண்ணாம்புக்குளத்தில் கல்யாணம். கலைவாணி நாலு நாள் அங்கேயே இருந்துவிட்டாள். திரும்பி வந்து ஒரு படம் போட்டால், ஓடாமல் கிடந்த மெஷினில் நீலக் கலர் பதியாமல் மெல்லிசாய் ஒரு கோடு.

"ஹெட்டு காஞ்சிருக்கும். ரெண்டு தபா கிளீனிங் குடுத்தா போயிடும். குழு மீட்டிங் போய்ட்டு வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நீலமேகம் வீட்டில்தான் இருந்தான். கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறி, கட்டுப் போட்டுக்கொண்டு பத்து நாளாகத் தொழிலுக்குப் போகவில்லை. பெண்டாட்டி உழைக்க நாம் உட்கார்ந்து தின்கிறோமே என்று அவனுக்கு ஒரே கூச்சம். வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று போனில் வீடியோ தேடினான். இந்திக்காரன் ஒருத்தன் ஒரு பாட்டிலிலிருந்து தெளிந்த தண்ணீரை ஊசியில் உறிஞ்சி, இங்க் பீச்சுகிற அந்த ஹெட்டுக்குள் விட்டான். பேசியது ஒன்றும் புரியவில்லை, கையைப் பார்த்தது போதும் என்று விட்டுவிட்டான். கரையேறியதும் படகு எஞ்சினுக்குப் போர் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுவது அவன் அன்றாடம் செய்கிற வேலை. எஞ்சினுக்கு ஆகிற தண்ணீர் இதற்கு ஆகாதா? கைப்பம்பில் ஒரு சொம்பு பிடித்து வந்து ஊசியால் விட்டான், துடைத்தான், மூடி வைத்தான். குடிக்கிற கேன் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்கிற நல்ல எண்ணம் வேறு! அட கிரகமே, அந்தப் போர் தண்ணீரில் பருப்பே வேகாது. பாத்திரத்தில் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும். கடல் தண்ணீருக்கு அது தேவலை, அவ்வளவுதான். அவனுக்கும் இது தெரியும், அந்த நேரத்தில் தோன்றவில்லை.

கலைவாணி வந்து போட்டுப் பார்த்தாள். கோடு இல்லை.

"தன்னால சரியாயிடுச்சுபா!" என்று சிரித்தாள். நான்தான் சரிசெய்தேன் என்று பெருமையடித்துக்கொள்ளக்கூட அவனுக்கு வாய் வரவில்லை. அவள் மீஞ்சூரில் புதிதாக வாங்கி வந்திருந்த இங்க்கை ஊற்றி வைத்தாள்.

மூன்று நாள் கழித்து வெண்ணிலாவின் கல்யாணப் படங்களைப் போட உட்கார்ந்தாள். நீலம் சுத்தமாகச் செத்திருந்தது. மயில்நீலப் பட்டுப்புடவை செம்மண்ணில் புரட்டி எடுத்த நிறத்தில் வந்தது. பாயில் படுத்து எழுந்த கன்னம் மாதிரி பெண்ணின் முகமெல்லாம் வரி.

"இன்னாடி இது, எம்பொண்ணு அம்மை போட்டவ மாதிரி கீறா?" என்றாள் கஸ்தூரியம்மாள். "சம்பந்தி ஊட்டுக்கு ஆல்பம் எடுத்துகினு போவணும்டி!"

கலைவாணி கிளீனிங் கொடுத்தாள், பேப்பரை மாற்றினாள், மறுபடியும் கிளீனிங் கொடுத்தாள். இங்க் கரைந்ததே தவிர நீலம் வரவில்லை. அப்புறம் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இங்க்ல தண்ணி கலந்துட்டான்பா அந்த ஆளு."

தண்ணி என்ற சொல்லைக் கேட்டதும் நீலமேகத்துக்குக் கைப்பம்பில் பிடித்த சொம்பு ஞாபகம் வந்தது. 'அவர் இல்லை' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். கைக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அதற்குள் போனை எடுத்து, ஏரிக்கரைக் குப்பத்துப் பெண்களெல்லாம் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டாள். "மீஞ்சூர் கடைல பிரபாகரன்னு ஒருத்தன் இங்க்ல தண்ணி ஊத்தி விக்கறான், திருட்டுப்பய. யாரும் அங்க வாங்காதீங்க."

இரண்டாம் நாள் பிரபாகரனே வந்துவிட்டார். பஸ்ஸில் வந்து, வெயிலில் நடந்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யாரோ காட்டிய அந்த மெசேஜைக் கேட்ட கடை முதலாளி, போய்ச் சரிசெய்துவிட்டு வா, இல்லாவிட்டால் வேலைக்கு வராதே என்று அனுப்பியிருக்கிறார். கலைவாணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மெஷினைக் காட்டினாள். தண்ணீர் வேண்டுமா என்று நீலமேகம்தான் கேட்டான். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பிரபாகரன் தரையில் உட்கார்ந்து சோதனைப் பக்கம் போட்டுப் பார்த்தார். போன் லைட்டை அடித்து ஹெட்டின் அடியில் குனிந்து பார்த்தார்.

"இதுல தண்ணி கிண்ணி எதுனா உட்டீங்களாண்ணா?" என்று நீலமேகத்தைக் கேட்டார்.

"யாரு உடுவா?" என்று கலைவாணி பாய்ந்தாள். "அத நான் தவிர ஊட்ல யாரும் தொட மாட்டாங்க."

"இல்லம்மா, தெரியாம யாராச்சும்..." மறுபடியும் அவர் கண் நீலமேகத்திடம் வந்தது. "உட்டிருந்தா பரவால்ல. சொன்னா அதுக்குத் தகுந்தாப்பல பண்ணலாம்."

நீலமேகம் நின்றான். இப்போது சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லையே என்று பயந்தே நின்றான். சொல், சொல் என்று உள்ளே அடித்துக்கொண்டது. வாய் மட்டும் மூடியபடியே இருந்தது.

"சரிம்மா, என் இங்க்கா கூட இருக்கலாம்" என்றார் பிரபாகரன். பழைய இங்க்கையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, சீல் பிரிக்காத பாட்டில்களைத் திறந்து ஊற்றினார். இங்க் இறங்க ரெண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் படம் போட வேண்டாம் என்று கலைவாணியிடம் சொன்னார். எழுந்திருக்கும்போது நீலமேகத்திடம் மெதுவாகச் சொன்னார். "அடியில எதுனா காஞ்சிருந்தா பேட்டரித் தண்ணி வெச்சி ஒரு நாள் ஊற வைங்கண்ணா. வேற தண்ணி வேணாம்." வாசலில் செருப்பை மாட்ட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

மறுநாள் கலைவாணி ரேஷன் கடைக்குப் போனதும் நீலமேகம் ஹெட்டின் அடியைப் பார்த்தான். வெள்ளை வெள்ளையாய் உப்பு. எஞ்சினில் எத்தனை தடவை சுரண்டியிருக்கிறான், அவனுக்கா தெரியாது? பழவேற்காட்டு மெக்கானிக் கடையில், பேட்டரிக்கு ஊற்றுகிற உப்பில்லாத தண்ணீர் வாங்கி வந்து, துணியில் நனைத்து அடியில் வைத்தான். அடுத்த நாள் காலையில் அவள் எழுந்திருப்பதற்கு முன்னால் நாலு சொட்டு ஊசியால் விட்டு, கிளீனிங் கொடுத்தான். கலைவாணி வெண்ணிலாவின் படத்தைப் போட்டாள். மயில்நீலம் கண்ணைப் பறித்தது. முகத்தில் ஒரு வரி இல்லை.

"பாத்தியா! நான் போட்ட சத்தத்துல நல்ல இங்க்கு ஊத்திட்டுப் போயிருக்கான்!" என்று குதித்தாள். நீலமேகம் வாயைத் திறந்தேவிட்டான். அதற்குள் அவள் போனில் பேச ஆரம்பித்திருந்தாள். "நான் சொன்னது கரெக்டா இல்லியா? கலப்படம் இல்லாத இங்க்கு ஊத்தனதும் படம் எப்படி வருது பாருங்க. திருடன் கையும் களவுமா மாட்டிக்கினான்." பக்கத்தில் இவன் நின்றுகொண்டே இருந்தான். மத்தியானம் சோறு இறங்கவில்லை.

நாலு நாள் அப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் டாக்டரிடம் கையைக் காட்டி வருகிறேன் என்று பஸ் ஏறி, பொன்னேரியில் மாறி மீஞ்சூர் போனான். கடையில் பிரபாகரன் இடத்தில் வேறு ஆள் இருந்தார். கோட்டைக்குப்பம் என்று சொல்லி, பிரபாகரன் எங்கே என்று கல்லாவில் இருந்த முதலாளியைக் கேட்டான்.

"அந்த ரெண்டாவது மெசேஜுக்கு அப்பறம் ஏரிப்பக்கத்து ஆளு ஒருத்தர்கூட வரலீங்க. அவர வேலைலருந்து நின்னுக்கச் சொல்லிட்டேன்" என்றார் முதலாளி.

"இங்க்ல ஒண்ணும் இல்ல. போர் தண்ணிய நான்தான் ஊத்தனேன்" என்றான் நீலமேகம்.

"இத இப்ப வந்து சொல்றீங்க" என்று முதலாளி பிரபாகரனின் நம்பரை எழுதிக் கொடுத்தார். கடைக்கு வெளியே நின்று போன் போட்டான்.

"அண்ணா, கோட்டைக்குப்பம் நீலமேகம். தண்ணி ஊத்தனது நான்தாண்ணா."

"தெரியும்ணா. லைட் அடிச்சப்பவே உப்பப் பாத்துட்டேன். அதுக்குதான் உங்களப் பாத்து ரெண்டு தபா கேட்டேன்."

"அப்பவே சொல்லி இருக்கலாமேண்ணா!"

"உங்க ஊட்ல ஒக்காந்துகினு உங்க சம்சாரம் முன்னாடி உங்கள எப்படிக் காட்டிக் குடுக்கறது? நீங்களே சொல்லிடுவீங்கன்னு பாத்தேன். செருப்பு மாட்டறப்பகூடப் பாத்தேன்." அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "வேல எங்கனா கெடச்சிடும்ணா. அந்த மெசேஜ் சுத்தி சுத்தி எம்பொண்ணு போனுக்கே வந்துச்சு. இன்னா நைனா இதுன்னு எங்கிட்டயே போட்டுக் காட்டறா. அத மட்டும்..." என்றவர் முடிக்காமல் வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது கலைவாணி படங்களை ஆல்பத்தில் செருகிக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லாமல், நின்றபடியே முழுவதையும் சொன்னான். கைப்பம்பு, ஊசி, உப்பு, பிரபாகரனின் பெண் வரைக்கும் சொன்னான். அவள் ஆல்பத்தை மூடினாள்.

"அந்த ஆளு இங்க ஒக்காந்து கேட்டப்ப நீ எங்க இருந்த?"

"இங்கதான்."

"நான் மெசேஜ் போட்டப்ப?"

"பக்கத்துல."

கத்துவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். அவள் கத்தவில்லை. போனை எடுத்துக் குழுவைத் திறந்து, பேசுவதற்கு விரலை அழுத்தினாள். ஒன்றும் வராமல் விரலை எடுத்தாள். மறுபடி அழுத்தினாள், மறுபடி எடுத்தாள்.

"நீ பேசாம இருந்ததுக்கு நான் எவ்ளோ பேசிட்டேன் பாருய்யா" என்று சொல்லிவிட்டுப் போனை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.