ஒரே குடும்பத்தின் இரண்டு கம்பெனிகள்

இலஞ்சியில் இருந்த தேங்காய் நார் ஆலையில் நான் கணக்கு அதிகாரியாகச் சேர்ந்த காலத்தில், அந்த ஆலையையும் தென்காசியில் இருந்த ஒரு நிதி நிறுவனத்தையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. ஆலை முதலாளியின் அக்காள் கணவர்தான் நிதி நிறுவனத்தை நடத்தினார். அவர் இங்கே இயக்குநர், இவர் அங்கே இயக்குநர். தென்காசிக் கடைக்காரர்கள் அந்த நிறுவனத்தில் போட்டுவைத்த பணம்தான் இலஞ்சியில் இயந்திரமாக ஓடிக்கொண்டிருந்தது. புது இயந்திரம் வாங்குவது கல்யாணப் பந்தியிலேயே முடிவாகிவிடும். திங்கட்கிழமை நான் அதற்குத் தீர்மானம் எழுதுவேன்.

மெத்தை செய்யும் கேரளக் கம்பெனி ஒன்று ஆலையில் முதலீடு செய்ய முன்வந்தது. புளியறை எல்லை வழியாக எங்கள் லாரிகள் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் சரக்குக் கொண்டுபோயின. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: ஆலைக்குக் கடன் கொடுக்கிறவர் அதன் இயக்குநராக இருக்கக் கூடாது.

முதலாளி தன் அத்தானைக் குற்றாலத்துத் தோட்ட வீட்டுக்கு அழைத்தார். ராஜினாமாக் காகிதங்களோடு நானும் போயிருந்தேன். வெளியே சாரல். காபி ஆறும்வரை இருவரும் மழையைப் பற்றியே பேசினார்கள்.

"அத்தான், நீங்க போர்டுல இருந்தா அவுக பணம் போட மாட்டோம்ங்காக."

"அது அவுக சொல்லுதது. நீ என்ன சொல்லுதே?"

முதலாளி ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார். அத்தான் என் பக்கம் கையை நீட்டினார். "தாம்மா, எங்கன கையெழுத்துப் போடணும்?"

போட்டு முடித்ததும், "நார் பிரிக்கிற பொம்பளையாளுகள நிப்பாட்டிராதலே" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையிலேயே காருக்கு நடந்தார்.

ஆலை வளர்ந்தது. அந்தப் பெண்களில் ஒருவரைக்கூட நிறுத்தவில்லை. ஆனால் ஆலை கடனுக்கு வெளி வங்கிக்கு மாறிய பிறகு நிதி நிறுவனத்துக்குத் தொழிலே இல்லாமல் போனது. அத்தான் கடைக்காரர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அலுவலகத்தை மூடினார். அக்காள் தம்பி வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தீபாவளிக்கு முதலாளி கொடுத்தனுப்பிய சேலையும் திரும்பி வந்தது.

சில வருடங்கள் போயின. கொச்சியிலிருந்து கணினித் திரையில் பேசிய மெத்தைக் கம்பெனிக்காரர் ஒருவர், ஆலையை நடத்த வெளியிலிருந்து ஆள் போடப்போவதாக முதலாளியிடம் சொன்னார். அதற்குள் பெரும்பான்மைப் பங்கு அவர்கள் கைக்குப் போயிருந்தது. திரை அணைந்ததும் முதலாளி என்னிடம், "அத்தான் வீட்டுக்குப் போவோம், நீயும் வாம்மா" என்றார். தனியாகப் போக அவருக்குத் தைரியம் இல்லை என்று புரிந்தது.

அத்தானே கதவைத் திறந்தார். விஷயம் அவர் காதுக்கு வந்திருந்தது.

"உள்ள வாலே."

முதலாளி வாசலிலேயே அழுதுவிட்டார். அத்தான் அவர் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அக்காள் எங்களுக்கு இலை போட்டாள், சோறு வைத்தாள். தம்பியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"எக்கா..."

"சாப்பிடு. உங்க அத்தானுக்கு மனசு ஆறிட்டு. எனக்கு இன்னும் ஆறல."

அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டார். அவள் இரண்டாம் முறை ரசம் ஊற்றினாள்.